சிம்கோ ஏரியில் சிறுவர்களோடு ஒரு தூண்டில் காலை

வாசகர் கேள்வி – பதில்

பள்ளிகள் மூடும் நாள் நெருங்கிவிட்டது. இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே விடயத்தைக் கேட்கின்றன: ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சிம்கோ ஏரிக்குச் சிறு பிள்ளைகளைக் கூட்டிச்சென்று, கட்டணம் கொடுத்து ஒரு வழிகாட்டியின் படகில் மீன் பிடிக்க வைப்பது எப்படி? ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு வயது 4, 7. நான் பேசிய வழிகாட்டி அரை நாளுக்கு ஒரு கட்டணமும் முழு நாளுக்கு ஒரு கட்டணமும் சொல்கிறார். மணிக்கணக்கில் பார்த்தால் முழு நாள்தான் மலிவு. எதைத் தெரிவு செய்வது? நான்கு வயதுச் சின்னவனையும் படகில் ஏற்றலாமா?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: அரை நாளை எடுங்கள். அந்த அரை நாளிலும், பிள்ளைகள் களைத்துவிட்டால் மூன்று மணி நேரத்திலேயே கரைக்குத் திரும்பிவிடலாம் என்பதை முன்கூட்டியே வழிகாட்டியோடு பேசிக்கொள்ளுங்கள்.

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் மகளுக்கு ஆறு வயதானபோது, நீங்கள் போட்ட அதே கணக்கைப் போட்டு முழு நாளுக்குப் பணம் கட்டினேன். காலை பத்து மணிக்குள் அவள் ஐந்து மீன்களைப் பிடித்து, ஐந்துக்கும் பெயர் வைத்து, கொண்டுபோன சாப்பாட்டையும் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஐந்து மணி நேரத்தில் வெயிலும் சலிப்பும் சேர்ந்து, அந்தக் காலை நேரத்து மகிழ்ச்சியை முழுவதுமாக அவளிடமிருந்து எடுத்துப் போய்விட்டன. கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று நான் படகைத் திருப்பச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு கோடைகளும் தூண்டில் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் அறைக்குள் போய்விடுவாள். அந்த இரண்டு கோடைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை நல்ல நேரம். பிள்ளைகளுக்கு ஏற்ற சிறு மீனான பேர்ச்சைத்தான் நீங்கள் பிடிக்கப்போகிறீர்கள். அது கண்ணால் பார்த்து இரை தேடும் மீன் என்பதால் பகல் வெளிச்சத்தில்தான் கடிக்கும். ஆகவே பிள்ளைகளை நான்கு மணிக்குத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் மதியத்தை ஒட்டிக் காற்று எழும்பும் நாட்கள் கோடையில் அதிகம். சிம்கோ ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமும் 25 கிலோமீற்றர் அகலமும் கொண்ட திறந்த ஏரி என்பதால், காற்று ஓடிவர நிறைய இடம் இருக்கிறது. கரையிலிருந்து பார்க்கும்போது சிறு நெளிவாகத் தெரியும் அலை, ஏரி நடுவே படகின் மூக்கைத் தூக்கித் தூக்கி அடிக்கும். தெற்கிலுள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, நீர்ச்செடிகள் நிறைந்தது, பெரும்பாலான காற்றுகளுக்கு ஓரளவு மறைவானது. சிறு பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள் அங்கேயே நிற்கும்படி கேட்கலாம்.

நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிச்செல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் கையில் தூண்டில் இருக்கக் கூடாது. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்பதுதான் என் கணக்கு. வழிகாட்டியை மூன்றாவது பெற்றோராக நினைத்துவிடாதீர்கள். அவருடைய கண் காற்றிலும் நங்கூரத்திலும் மற்றப் படகுகளிலும் இருக்க வேண்டிய கண். முன்பின் தெரியாத வேறு வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்ளும் படகையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் மகன் அழுதால் திரும்புவதா வேண்டாமா என்பதை அங்கே நீங்கள் தனியாக முடிவு செய்ய முடியாது.

வழிகாட்டியைத் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “மீன் கடிக்காவிட்டால் பிள்ளைகளோடு என்ன செய்வீர்கள்?” ஆழமற்ற நீரில் சின்ன மீன் தேடிப் போவோம், நீர்ப்பறவை காட்டுவேன், ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வருவேன் என்று யோசிக்காமல் சொல்கிறவர் பிள்ளைகளோடு பழகியவர். “என் படகில் மீன் கடிக்காமல் இருக்காது” என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றுவதால் அவருடைய படகு வணிகப் படகு. பொழுதுபோக்குப் படகு ஓட்டுவதற்கான அட்டை மட்டும் அதற்குப் போதாது. சிறுகலம் செலுத்துவதற்கான தேர்ச்சிச் சான்றிதழும் காப்புறுதியும் இருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒழுங்கான வழிகாட்டி அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருப்பார்.

கேள்வி: என் மகன்மாருக்கு வயது 6, 9. பெரிய மீனொன்றைப் பிடித்து அதோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை உண்டு. லேக் ட்ரவுட் பிடிக்கும் பயணமா, பாஸ் பிடிக்கும் பயணமா, எதற்குப் பதிவு செய்வது?
– ஒரு தந்தை, ஏஜக்ஸ்

பதில்: இரண்டும் வேண்டாம். முதல் பயணத்துக்கு மஞ்சள் பேர்ச் மீனைக் கேளுங்கள்.

லேக் ட்ரவுட் குளிர்நீர் மீன். கோடையில் மேல்நீர் சூடேறும்போது அது கீழே குளிர்ந்த அடுக்குக்கு இறங்கிவிடும். சிம்கோவில் மிக ஆழமான இடம் பாரி நகரை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் குடாவில், ஏறக்குறைய 41 மீற்றர். அப்படிப்பட்ட ஆழ நீரில் கனத்த குண்டு கட்டிய கம்பியில் இரையை இறக்கி, படகை மணிக்கணக்காக மெல்ல ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். தூண்டிற்கோல் படகின் விளிம்பிலுள்ள பிடியில் செருகப்பட்டிருக்கும். பிள்ளையின் கையில் ஒன்றும் இருக்காது. எப்போதாவது மீன் மாட்டினால் வழிகாட்டி ஓடிவந்து கோலை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டுவார், பிள்ளை சுற்றும். படம் கிடைக்கும். ஆனால் அந்த மீனைப் பிடித்தது தானல்ல என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

சின்னவாய் பாஸ் துள்ளிக் குதிக்கும் அழகான மீன். ஜூன் பிற்பகுதியில் அதற்குரிய பருவம் திறந்த பிறகே அதைப் பிடிக்கலாம். அதைப் பிடிக்க ஓயாமல் எறிந்து எறிந்து இழுக்க வேண்டும், குறி தவறாமல் எறியவும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஒன்பது வயது மகன் இரண்டாவது கோடையில் அதற்குத் தயாராகலாம்.

பேர்ச் வேறு வகை. அது கூட்டமாகத் திரியும் மீன். ஒன்று கடித்த இடத்தில் இன்னும் பல நிற்கும். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பொன்மஞ்சள் உடலில் முதுகிலிருந்து வயிற்றை நோக்கி ஆறேழு கரும்பட்டைகள் இறங்கியிருக்கும். வயிற்றுப்புறத் துடுப்புகள் செம்மஞ்சள். காற்றில்லாத காலையில் குக்ஸ் குடாவின் செடிவரம்பு ஓரமாக நங்கூரமிட்டு, பிள்ளையைப் படகின் விளிம்புக்கு மேலால் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1990களில் சீப்ரா மட்டிகள் இந்த ஏரிக்குள் வந்து நீரை வடிகட்டத் தொடங்கிய பிறகு தண்ணீர் முன்பைவிடத் தெளிந்துவிட்டது. (ஏரிக்கு அதனால் வந்த கேடுகள் வேறு கதை.) மீன்கள் புழுவை நெருங்குவதும், நின்று யோசிப்பதும், ஒன்று கொத்திவிட்டு விலகுவதும், அந்தக் கணமே மேலே தக்கை ஒரு தடவை நடுங்கி நிற்பதும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். தக்கை இரண்டாவது தடவை நடுங்கி, சரிந்து, நீருக்குள் போகும்போது பிள்ளை மூச்சை நிறுத்திவிடும். நான் பார்த்த எந்தப் பெரிய மீனும் ஒரு பிள்ளையின் முகத்தில் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்ததில்லை.

மீனைக் கழற்றுவதை முதலில் வழிகாட்டி செய்து காட்டட்டும். கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் முதுகு முட்கள் மடிந்து படுத்துவிடும். எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் குத்தும். செவுள் மூடியின் ஓரமும் கூர்மையானது, அங்கே விரல் வைக்கக் கூடாது.

பிள்ளைக்கு நான்கு அல்லது ஐந்தடிக் கோலும், பொத்தானை அழுத்தி விட்டால் தூண்டில் நரம்பு ஓடும் மூடிய ரீலும் போதும். வழிகாட்டியிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களின் ஏழடிக் கோலைச் சிறுவன் கையில் கொடுத்தால் அவன் பிடிப்பது பக்கத்திலிருப்பவரின் தொப்பியாகத்தான் இருக்கும். இன்னுமொன்று. நரம்பில் ஏற்றும் சிறு ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் வாயில் போடுவார்கள். ஈயம் நஞ்சு, அதை விழுங்கும் லூன் பறவைகள் செத்துப்போகின்றன என்பதால் கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997 முதல் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. வெள்ளீயக் குண்டு கடைகளில் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் உயிர்காப்பு அங்கியைப் போட்டாலே அழுகிறாள். படகு மெதுவாகத்தானே போகும், ஏரியும் ஆழமில்லாத பக்கம்தானே, பக்கத்தில் வைத்திருந்தால் போதாதா? வழிகாட்டியிடம் அங்கிகள் இருக்கின்றனவாம்.
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: போதாது. படகுத்துறையில் கால் வைக்கும் நேரத்திலிருந்து, திரும்பி வந்து துறையைத் தாண்டும் நேரம் வரை அங்கி அவள் உடம்பில் இருக்க வேண்டும். பிள்ளைகள் விழுவது படகு ஓடும்போது மட்டுமல்ல. துறைக்கும் படகுக்கும் நடுவே கால் வைக்கும்போதும், மீனைப் பார்க்க எட்டிக் குனியும்போதும் விழுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு நீருக்கு மேல் எல்லாமே ஆழம்தான்.

படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்புக்குப் பொருந்தும் அளவில் ஓர் அங்கி படகில் இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். பொருந்தும் அளவில் என்பதுதான் இதில் முக்கியமான சொல். சில வழிகாட்டிகளின் பெட்டியில் இருப்பவை பெரியவர்களுடையவை, அவற்றோடு பழைய சிறுவர் அங்கி ஒன்றிரண்டு கிடக்கும். ஆகவே மகளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்குங்கள். அளவு வயதைக் கொண்டல்ல, எடையைக் கொண்டு. உள்பக்கத்துச் சீட்டில் எந்த எடைக்கு உரியது என்பதும் கனடாவில் அங்கீகரிக்கப்பட்டது என்பதும் அச்சிட்டிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் அநேகர் 14 முதல் 27 கிலோ வரையான அளவுக்குள் வருவார்கள். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பட்டையும், தூக்குவதற்கு ஒரு கைப்பிடியும், கால்களுக்கு இடையே கட்டும் வாரும் இருப்பதாகப் பாருங்கள். ஒன்பது கிலோவை எட்டாத குழந்தையைப் படகில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. காற்று நிரப்பும் வகை அங்கிகள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். எல்லா வார்களையும் இறுக்கிவிட்டு, அங்கியின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி அவள் காது வரை ஏறிவந்தால் தண்ணீரிலும் அதுதான் நடக்கும். அங்கி மிதக்கும், பிள்ளை கீழே வழுக்கும்.

அழுகைக்கு என் மருந்து இதுதான். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு படம் பார்க்கட்டும், சோறு சாப்பிடட்டும், ஒரு நாள் நீச்சல்குளத்தில் அதோடு இறங்கி மல்லாக்க மிதந்து பார்க்கட்டும். தன்னை அது தூக்கிப் பிடிக்கிறது என்பதை உடம்பால் அறிந்த பிள்ளைக்கு அதன்மேல் கோபம் இருக்காது. இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: அம்மாவும் அப்பாவும் போட வேண்டும். நீங்கள் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு அவளைப் போடச் சொன்னால், அது தண்டனை போலத்தான் அவளுக்குத் தோன்றும். பிள்ளை விழுந்தால் பின்னாலேயே குதிக்கப்போகிறவரும் நீங்கள்தானே.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து என் அப்பா கோடைக்கு வந்து நிற்கிறார், வயது 71. பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து தூண்டில் போட விரும்புகிறார். முதியவர்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையா?
– ஒரு வாசகர், பிரம்ப்டன்

பதில்: உங்கள் நண்பர் சொன்னது கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். ஒன்ராறியோவில், கனடா வாசிகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினரும் அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையில்லை. அரசு வழங்கிய அடையாள அட்டை கையில் இருந்தால் போதும், ஆனால் மற்ற எல்லா விதிகளும் அவர்களுக்கும் உண்டு. உங்கள் அப்பா வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர் என்பதால் 71 வயதானாலும் வாங்கத்தான் வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் அனுமதிப்பத்திரம் இணையத்திலேயே கிடைக்கும். ஊரிலிருந்து வந்த 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம். அவர்கள் பிடிப்பது அந்தப் பெரியவருக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் சேரும். ஜூலையில் ஒரு வாரமும், அன்னையர் தினம், தந்தையர் தினம் ஆகியவற்றின் வார இறுதிகளும் அனுமதிப்பத்திரமின்றி எவரும் பிடிக்கலாம் என்று விளம்பரம் வருகிறதே, அதுவும் கனடா வாசிகளுக்கு மட்டும்தான்.

உங்கள் அப்பாவை ஏரிக்குக் கூட்டிப்போகும்போது ஒரு மணி நேரத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிம்கோவின் வடமுனையில், கூச்சிச்சிங் ஏரியோடு அது சேரும் ஒடுக்கமான நீர்வழியில், ஒறில்லியாவுக்குப் பக்கத்தில், ம்ஞ்ஜிகானிங் மீன் அடைப்புகள் இருக்கின்றன. ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்த பழங்குடி மக்கள் நீரடியில் தடிகளை வரிசையாக நாட்டி, ஓடிவரும் மீனை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். அந்தத் தடிகளில் பல இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. 1982 இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீன்வேலி இருக்கும் இடம் என்பதே அந்தப் பெயரின் பொருள், பக்கத்திலுள்ள ராமா பழங்குடி மக்கள் அந்த இடத்தைப் பேணி வருகிறார்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியில் தடி நாட்டிக் கட்டும் களங்கட்டி வலையைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த வேலையின் நுட்பத்தை எவரும் விளக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவரே விளக்குவார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஏரியும் அந்தக் கடனீரேரியும் ஒரே பேச்சில் வந்து சேரும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் நாங்கள் சைவம், மருமகன் அசைவம். எட்டு வயதுப் பேத்தியைத் தூண்டில் போடக் கூட்டிப்போக அவர் விரும்புகிறார். அவளோ உயிருள்ள புழுவை முள்ளில் குத்துவதைக் காணொளியில் பார்த்துவிட்டு அழுகிறாள். குழந்தையை வற்புறுத்துவது சரியா?
– ஓர் அம்மம்மா, மிசிசாகா

பதில்: அம்மா, வற்புறுத்துவது சரியல்ல. புழு துடிப்பதைப் பார்த்து ஒரு குழந்தை அழுகிறதென்றால் அதன் மனம் சரியாக இருக்கிறது என்றுதான் பொருள். அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எவரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேத்தி போக விரும்பினால் தூண்டில் இல்லாமலேயே போகலாம். வலைக்கரண்டியைப் பிடிப்பது, நீர்ப்பறவைகளை எண்ணுவது, பிடித்த மீனை அளப்பது எல்லாம் படகில் உள்ள வேலைகள்தான். தூண்டில் போட ஆசை இருக்கிறது, புழுதான் வேண்டாம் என்றால், கரையோர ஆழமற்ற நீரில் திரியும் சன்ஃபிஷ் என்ற வட்ட மீன்கள் சோளமணிக்கும் வரும். பேர்ச்சுக்குச் சிறு இறப்பர் இரை இருக்கிறது. முள் முனையில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் காயம் குறையும், கழற்றுவதும் எளிது. பிள்ளைகளோடு போகும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

மருமகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிடித்துப் பிடித்துத் திரும்ப விடுவது பாவமில்லாத விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கையில் பிடித்துப் படம் எடுத்து, ஒரு நிமிடம் கழித்து விட்ட மீன்களில் சில பிறகு செத்துவிடுகின்றன. முள்ளை விழுங்கியவை சாகும் வாய்ப்பு இன்னும் அதிகம். உண்பதற்கு வேண்டிய அளவு பிடித்து, அத்தோடு தூண்டிலைச் சுருட்டிவிடுவதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல முடியும். நாற்பது மீனைப் பிடித்து நாற்பதையும் விட்டதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பிடித்த மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? ஏரி மீனில் பாதரசம் இருக்கிறது என்கிறார்களே?
– ஒரு வாசகி, விட்பி

பதில்: பாதரசம் மற்ற மீன்களைத் தின்று வளர்ந்த பெரிய மீன்களில்தான் கூடுதலாகச் சேரும். சாண் நீளப் பேர்ச் அந்த வகையில் கவலை குறைந்த மீன். ஆனாலும், ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாக, மீன்வாரியாக, நீளவாரியாக மாதத்தில் எத்தனை தடவை உண்ணலாம் என்று சொல்லும் கையேடு ஒன்றை வெளியிடுகிறது. அதில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனி எண்ணிக்கை உண்டு. சிம்கோவுக்குரிய பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சமையுங்கள்.

பிடித்த உடனே ஐஸ் பெட்டியில் போட வேண்டும். வெயிலில் வாளித் தண்ணீரில் கிடந்த மீன் வீடு வந்து சேரும்போது குழைந்துவிடும். பல வழிகாட்டிகள் துறையிலேயே முள் நீக்கித் துண்டாக்கிக் கொடுப்பார்கள். என்ன மீன் என்று சோதிக்க வரும் மீன்வள அதிகாரி அடையாளம் காணும்படி துண்டில் தோலின் ஒரு பகுதியை விட்டுவைக்கச் சொல்லுங்கள். மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், தேசிக்காய்ப் புளி போட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பொரித்தால் போதும். தான் பிடித்த மீன் தட்டுக்கு வருவதைப் பார்த்த பிள்ளை, வேண்டாம் என்று தள்ளியதை நான் பார்த்ததில்லை. மிஞ்சிய புழுக்களை ஏரியிலோ காட்டிலோ கொட்டாமல் குப்பையில் போடுங்கள். பனியுகத்தில் பனிப்பாறைக்கு அடியில் கிடந்த இந்த மண்ணுக்கு மண்புழு பிறகு வந்து சேர்ந்தது. அது காட்டின் இலைமக்கைத் தின்று தீர்த்துவிடுகிறது.

கேள்வி: படகில் கழிப்பறை இருக்குமா? நுளம்பு, வெயில், தூண்டில் முள் குத்துவது ஆகியவற்றுக்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
– இரட்டைப் பிள்ளைகளின் தாய், நியூமார்க்கட்

பதில்: திறந்த படகுகளில் கழிப்பறை இருக்காது. புறப்படுவதற்குச் சற்று முன்பு துறையிலுள்ள கழிப்பறைக்குக் கூட்டிச்செல்லுங்கள். மூடியுள்ள சிறு பிள்ளைக் கழிகலம் ஒன்றையும், மறைப்புக்கு ஒரு பெரிய துவாயையும் கொண்டுபோங்கள். நீளக்கை மெல்லிய சட்டை, நாடி கட்டும் தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். நீரில் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்குக் கீழேயும் சுடும். நுளம்பு மருந்தில் டீட் (DEET) என்ற இரசாயனம் இருந்தால், இரண்டு முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு அதன் அளவு 10 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். மருந்து பட்ட கையைக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள்.

முள் விரலில் மேலோட்டமாகக் குத்தினால், எதிர்க்கூர் நசுக்கியதாக இருந்தால் வந்த வழியே வந்துவிடும். கழுவிக் கட்டிவிட்டு, ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். கண்ணிலோ கண்ணை ஒட்டியோ குத்தினால் எவரும் இழுக்கக் கூடாது. தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு, முள் அசையாதபடி மேலே ஒரு கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இடிச்சத்தம் கேட்டால் வழிகாட்டி என்ன சொன்னாலும் கரை திரும்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போன பிறகே மீண்டும் ஏற வேண்டும்.

கேள்வி: வழிகாட்டிக்குக் கொடுக்கும் அளவுக்கு வசதியில்லை. பிள்ளைகள் மூவரும் ஆசைப்படுகிறார்கள்.
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவற்றில் படகைத் தவிர மற்ற எல்லாமே உங்களுக்கும் பொருந்தும் என்பதுதான். ஒன்ராறியோவின் தூண்டில்காரர், வேட்டைக்காரர் சம்மேளனம் டாக்கிள் ஷெயார் என்ற திட்டத்தை நடத்துகிறது. அதில் சேர்ந்துள்ள பொது நூலகங்களிலும் மாகாணப் பூங்காக்களிலும், புத்தகம் இரவல் எடுப்பது போலத் தூண்டிற்கோலையும் ரீலையும் இலவசமாக இரவல் எடுக்கலாம். உங்கள் பகுதி நூலகம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை; நீங்களும் தூண்டில் பிடிக்க விரும்பினால் ஜூலையில் வரும் அந்த இலவச வாரத்தைப் பார்த்துப் போகலாம். சிம்கோவின் தென்கரையில் சிபால்ட் பொயின்ற் மாகாணப் பூங்கா இருக்கிறது. பக்கத்து ஊர்களின் பொதுத் துறைமேடைகளிலிருந்தும் பலர் பேர்ச் பிடிக்கிறார்கள். துறைமேடையிலும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். மூன்று பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவர் என்றால், இன்னொரு பெரியவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒரு டப்பா மண்புழு, மூன்று தக்கை, ஒரு சிறு குறடு, தண்ணீர், இடியப்பப் பார்சல். காலை எட்டு மணிக்கு மேடையின் நிழற்பக்கத்தில், செடிகள் தெரியும் இடமாகப் பார்த்துத் தூண்டிலை இறக்கச் சொல்லுங்கள். தூர எறிய வேண்டாம். மீன் மேடைக்கு அடியில்தான் நிற்கும்.